டர்பனின் தண்ணீர்த் தொட்டியில் தூண்டில்

முதல் முறை மிட்மார் கரையில் நின்றபோது, "இந்த ஏரி எத்தனை நூறு வருஷம் இருக்கும் மாமா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாமா மக்காச்சோள மாவை உருட்டித் தூண்டில் முள்ளில் ஒட்டிக்கொண்டே, "என்னைவிடச் சின்னது தம்பி" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, கணக்குத்தான் சொன்னார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மிட்மார் அணையைக் கட்டி முடித்ததோ 1965இல்.

என்மேலும் தப்பில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் காரில் போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் நீலத் தண்ணீர். பாய்மரப் படகுகள் சாய்ந்து சாய்ந்து போகின்றன. கரையில் இறைச்சி சுடும் புகை. டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் மரநிழலில் பிரியாணிச் சட்டியைத் திறக்கின்றன. இதை ஏரி என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது?

ஆனால் இது தொட்டி. வீட்டு மாடியில் கறுப்பு நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதே வேலையை டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் செய்கிறது. குழாயைத் திறந்தால் வரவேண்டிய தண்ணீர் இங்கே காத்துக்கிடக்கிறது. மீன் பிடிப்பது, படகு விடுவது, கூடாரம் போட்டு இரவு தங்குவது எல்லாம் அது காத்துக்கிடக்கும் நேரத்தில் நமக்குக் கிடைக்கும் சலுகை. இதைத்தான் நீர்த்தேக்கம் என்கிறோம். தொட்டி என்று புரிந்துகொண்டுவிட்டால், கரையோரம் ஏன் புல் முளைக்காத செம்மண் பட்டை இருக்கிறது, சுவர்ப் பக்கம் ஏன் மிதவை கட்டி மறித்திருக்கிறார்கள், போன மாதம் மீன் கடித்த இடத்தில் இந்த மாதம் ஏன் நாய் நடந்துபோகிறது என்பதற்கெல்லாம் விடை தானாக வந்துவிடும்.

குளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஏரி என்று சொல்ல மாட்டோம், குளம் என்போம். குளத்துக்கு மூன்று உறுப்பு: கரை, மடை, மறுகால். கரை தண்ணீரைத் தடுக்கும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். குளம் நிரம்பிவிட்டால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் தாண்டிப் போவதற்குக் கரையைவிடத் தாழ்வாகக் கல்லில் கட்டி வைத்த இடம்தான் மறுகால். வட மாவட்டங்களில் கலிங்கு என்பார்கள். "குளம் மறுகால் பாயுது" என்று யாராவது சொன்னால் ஊரே திரண்டு பார்க்கப் போகும்.

மிட்மாரிலும் அதே மூன்றுதான். கரைக்குப் பதில் நடுவே கான்கிரீட் சுவரும் இரு பக்கமும் மண்கரையும். மடைக்குப் பதில் பெரிய குழாய்கள். அவை வயலுக்குப் போகாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. மறுகாலுக்குப் பதில் சுவரின் நடுப்பகுதியே தாழ்வாக இருக்கிறது. அதில் கதவு எதுவும் கிடையாது. தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டதும் யாரையும் கேட்காமல் வழிந்து உம்கெனி ஆற்றில் விழும்.

இந்த இடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அணை மட்டம் 102 விழுக்காடு என்று செய்தியில் வரும். நூறுக்கு மேல் எப்படி? நூறு என்பது சுவரின் உச்சி இல்லை, மறுகாலின் விளிம்பு. வெள்ளம் வரும்போது விளிம்புக்கு மேல் ஒரு சாண், இரண்டு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றபடியே வழியும். அந்தக் கூடுதல்தான் 102. பயப்பட ஒன்றுமில்லை. அணை மறுகால் பாய்கிறது, அவ்வளவே.

இன்னொரு குழப்பம் இதைவிடச் சுவாரசியமானது. மட்டம் பாதிக்கு வந்துவிட்டது என்றால் ஆழமும் பாதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீர்த்தேக்கம் நேர்க்கோட்டில் எழும் தொட்டி இல்லை, அகன்ற உருளி. அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். மிட்மார் சுவரை 2003இல் 3.5 மீட்டர் உயர்த்தினார்கள். சுவரின் உயரம் சுமார் 30 மீட்டர். அதில் மூன்றரை என்பது கொஞ்சம்தானே? ஆனால் கொள்ளளவு சுமார் 17.7 கோடி கன மீட்டரிலிருந்து 23.5 கோடிக்கு ஏறிவிட்டது. அதாவது மேலே இருக்கும் அந்த ஆள் உயர இரண்டு அடுக்கில் மொத்தத் தண்ணீரில் கால் பங்கு இருக்கிறது. உருளியில் பாயசம் பரிமாறியவர்களுக்கு இது தெரியும். முதல் பத்துக் கரண்டிக்கு மட்டம் இறங்கியதே தெரியாது, கடைசியில் சட்டென்று அடி தெரிந்துவிடும்.

நம் கணக்கில் சொல்வதென்றால் 23.5 கோடி கன மீட்டர் என்பது 8.3 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் 3.6 டி.எம்.சி., மேட்டூர் 93. இப்போது மனதில் ஓர் அளவு வந்திருக்கும்.

ஒரே ஆறு, நான்கு தொட்டி

உம்கெனி பெரிய ஆறு இல்லை. மலையடிவாரத்திலிருந்து டர்பன் கடல்வரை 230 கிலோமீட்டர் சொச்சம்தான். அதில் வரிசையாக நான்கு பெரிய அணைகள். மேலே மிட்மார். அதன் கீழே ஹோவிக் ஊரில் ஆறு 95 மீட்டர் அருவியாகக் குதிக்கிறது. அதற்கும் கீழே 1976இல் முடிந்த ஆல்பர்ட் ஃபால்ஸ், நான்கிலும் பெரியது, 10 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். அப்புறம் 1950இல் கட்டிய சின்ன நேகல். கடைசியாகக் கடலுக்குப் பக்கத்தில் 1989இல் வந்த இனாண்டா. காந்தி 1904இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கிய அதே இனாண்டா வட்டாரம்தான்.

இத்தனை எதற்கு? இங்கே மழை கோடையில், அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலையில் வானம் பளிச்சென்று இருக்கும், சொட்டு விழாது. டர்பனோ வருஷம் முழுக்கக் குளிக்கும், துவைக்கும், சமைக்கும். ஐந்தாறு மாதத்தில் வருவதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பும் வேலையைத்தான் இந்த நான்கும் செய்கின்றன. அதுவும் போதாமல் பக்கத்து மூயி ஆற்றிலிருந்தும் தண்ணீரைக் குன்று தாண்டிக் கொண்டுவந்து மிட்மார் பக்கம் விடுகிறார்கள். பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு வருகிறதே, அதுபோல. மதுரைக்காரர்களுக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்காது.

"இத்தனை அணை இருந்தும் வெள்ளம் வருகிறதே?" என்று கேட்பார்கள். குடிநீர் அணையை எப்போதும் நிறைத்து வைக்கப் பார்ப்பார்கள். வெள்ளத்தைத் தடுக்கும் அணையைக் காலியாக வைக்கப் பார்ப்பார்கள். ஒரே அணை இரண்டையும் முழுசாகச் செய்ய முடியாது. நிறைந்த அணைக்கு வரும் வெள்ளம் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தணிந்து மறுகால் வழியே போய்விடும். 2022 ஏப்ரலில் டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தில், மழை அணைகளுக்குக் கீழே கடலோரமாகவும் கொட்டியது. அதை எந்தச் சுவர் பிடிக்கும்?

அணையே இல்லாத காலத்து உம்கெனியைப் பற்றி மாமா ஒரு கதை சொல்வார். கதை என்கிறேன், வரலாறுதான். 1917 அக்டோபரில் ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் தகரக் கொட்டகைகளில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. கடலில் கரைவலை இழுக்கும் இந்திய மீனவர்கள் ஆறு பேர் அந்த வெள்ளத்தில் படகை இறக்கி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரை சேர்த்தார்கள். படவட்டன் அறுவர் என்று இன்றும் டர்பனில் பேசப்படுகிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் படவு என்ற நம் சொல் எனக்குக் காதில் விழும். 1860 நவம்பர் 16இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் இங்கே வந்து ஐம்பத்தேழு வருஷத்துக்குள் நடந்தது இது.

புல் முளைக்காத வளையம்

சரி, கரைக்கு வருவோம். இயற்கை ஏரியின் விளிம்பில் நாணல், கோரை, சதுப்புச் செடி என்று ஒரு வேலி இருக்கும். நீர்த்தேக்கத்தின் விளிம்பில் பல இடங்களில் வெறும் மண். ஒரு வருஷத்துக்குள் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், தண்ணீர்ச் செடி வேர் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும், தரைச் செடி வேர் பிடிப்பதற்குள் மூழ்கிவிடும். குளியல் தொட்டியில் அழுக்குக் கோடு படிவதுபோல மலைச்சரிவில் ஒரு பட்டை. அந்தப் பட்டை எவ்வளவு அகலமோ, நகரம் அவ்வளவு குடித்திருக்கிறது.

வெயிலும் குடிக்கும். மிட்மாரின் பரப்பு, நிறைந்திருக்கும்போது சுமார் 18 சதுர கிலோமீட்டர். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆவியாகப் போனால் 1.8 கோடி லிட்டர். நல்ல வெயில் நாளில் ஒரு மில்லிமீட்டரோடு நிற்காது. நாலைந்து மில்லிமீட்டர் போகலாம்.

2015, 2016 வறட்சியில் ஆல்பர்ட் ஃபால்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. டர்பனில் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தது. படகு இறக்கும் கான்கிரீட் சரிவு, தண்ணீருக்கு வெகு தூரத்தில் தனியாக நின்றது. மட்டம் அப்படி இறங்கியிருந்த ஓர் அணையில்தான் நானும் அகப்பட்டுக்கொண்டேன். கரையிலிருந்து பார்த்தால் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. நடந்து தண்ணீர் ஓரம் வரை போய்விடலாம் என்று மாமா தடுக்கத் தடுக்க இறங்கினேன். இருபது அடி வரை சரியாகத்தான் இருந்தது. அப்புறம் மேல் ஓடு உடைந்தது. வலது கால் முழங்கால் வரை உள்ளே. இழுத்தால் இடது காலும் போகிறது. கீழே கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வண்டல், அழுகிய முட்டை வாடை. கடைசியில் மல்லாக்கப் படுத்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி, தவழ்ந்து வெளியே வந்தேன். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமா சிரிக்கவில்லை. சிரிக்காததால்தான் அது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு உறைத்தது.

அந்த வண்டல் எங்கிருந்து வந்தது? ஆறு எப்போதும் மண்ணைச் சுமந்துதான் வரும். ஓட்டம் நின்றதும் சுமையை இறக்கி வைத்துவிடும். எல்லா நீர்த்தேக்கமும் பிறந்த நாளிலிருந்தே தூர்ந்துகொண்டு வருகிறது. டர்பனுக்கு மேற்கே 1920களில் குடிநீருக்காகக் கட்டிய ஷாங்வேனி அணையில் வண்டல் ஏறி ஏறி, இன்று அது முக்கியமாக இயற்கைக் காப்பிடமும் உலாவுமிடமும். நேகல் அணையைக் கட்டியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது சேற்றுத் தண்ணீரை அணைக்குள் விடாமல் பக்கவாட்டில் திருப்பிக் கீழே ஆற்றில் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். ஊரில் குடிமராமத்து செய்து தூர் எடுத்தோம். இந்த அளவு அணையில் தூர் எடுப்பது கட்டுப்படியாகாது.

தண்ணீருக்குள் யார் இருக்கிறார்கள்

இனி மீன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆறாக இருந்த இடம் திடீரென்று குளமானால் ஆற்று மீன்கள் எல்லாம் சமாளிக்காது. ஓடும் தண்ணீரும் கூழாங்கல்லும் கேட்கும் மீன்கள் மேலே, ஆறு அணைக்குள் வந்து சேரும் பக்கம் ஒதுங்கிவிடும். டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்துக்கே உரிய மஞ்சள் மீன் அப்படி. இங்கே ஸ்கேலி என்பார்கள். முட்டையிட ஓடும் தண்ணீரைத் தேடிப் போகும். நின்ற தண்ணீரை விரும்பும் மீன்களுக்கு நீர்த்தேக்கம் கொண்டாட்டம்.

அவற்றில் ஒன்றைத் தூக்கிக் காட்டி மாமா "குர்ப்பர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் ஜிலேபி! திருநெல்வேலிக் குளத்தில் மீன் பாசி ஏலம் விட்டால் கூடை கூடையாக வருமே, அதே ஜிலேபிக் கெண்டை. பிறந்த ஊர் இந்தக் கரைதான், மொசாம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடலோரம் வரை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அப்புறம் எந்தக் குளத்தையும் அது விட்டு வைக்கவில்லை. நம் ஆட்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள், இந்த மீன் எதிர்த்திசையில் போனது. இங்கேயே பிடித்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தபோது ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்தது கெளுத்தி. இங்கே பார்பெல் என்கிறார்கள். மீசையும் தட்டைத் தலையுமாக ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். காற்றையும் சுவாசிக்கும், அதனால் மற்ற மீன் செத்துப்போகும் சேற்றிலும் கிடக்கும். தமிழ்நாட்டில் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால் அதிகாரிகள் பண்ணையைத் தோண்டி அழிக்க வருவார்கள், நம் குளத்து மீனை எல்லாம் தின்றுவிடும் என்று அங்கே தடை. இங்கே அது சொந்த ஊர்க்காரன், ஒரு குற்றமும் இல்லை. ஒரே உயிர், எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்பதைப் பொறுத்து விருந்தாளியாகவோ திருடனாகவோ ஆகிவிடுகிறது.

இங்கே அந்த இடத்தில் இருப்பது பாஸ். பெரிய வாய், பச்சை முதுகு. அமெரிக்க மீன், 1928இல் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தார்கள். சின்ன நாட்டு மீன்களைத் தின்று தீர்ப்பதாகச் சூழலியல்காரர்கள் திட்டுவார்கள். தூண்டில்காரர்களோ அதற்காகவே வருகிறார்கள். ஆல்பர்ட் ஃபால்ஸுக்கு நாடு முழுவதும் பெயர் இந்த மீனால்தான். இரண்டு கட்சியும் சொல்வது உண்மை. நான் ஆற்றின் மேல்பகுதியில் மஞ்சள் மீன் கட்சி, அணைக்குள் நின்றால் பாஸ் கட்சி. கொஞ்சம் சந்தர்ப்பவாதம்தான்.

பாஸ் வசந்தத்தில், அதாவது இங்கே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வாக்கில், கரையோர ஆழமில்லாத இடத்தில் வாலால் மண்ணை வழித்துக் கிண்ணம்போல் குழி செய்து முட்டையிடும். ஆண் மீன் காவல் நிற்கும். இப்போது தொட்டிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில்தான் மழை இன்னும் வராமல் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். நகரம் கொஞ்சம் அதிகமாகக் குடித்தால் கிண்ணம் வெயிலுக்கு வந்துவிடும். தெளிந்த காலையில் கரையோரம் நின்று பார்த்தால் காய்ந்த மண்ணில் தட்டுத் தட்டாக வரிசையாக இந்தக் குழிகள் தெரியும். முதலில் ஏதோ குழந்தைகள் தோண்டி விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மழை தொடங்கி மட்டம் ஏறும்போது கதை தலைகீழாகும். காய்ந்த பட்டையில் இடைக்காலத்தில் முளைத்த புல் எல்லாம் மூழ்கும். புழு, பூச்சி, விதை எல்லாம் தண்ணீருக்கு வரும். கெண்டையும் கெளுத்தியும் முழங்கால் ஆழத்துக்கே வந்து மேயும். நூறு அடி வீசுகிறவனைவிடப் பத்தடி வீசுகிறவனுக்கு மீன் கிடைக்கும் நாட்கள் இவை.

கெண்டைக்கு இரை மக்காச்சோள மாவு. கெட்டியாகக் கிளறி, ஆறவைத்து, உருட்டி முள்ளில் ஒட்டுவது. இந்த மீன்பிடிப்புக்கே இங்கே பாப்கோய் என்று பெயர், கூழை எறிவது என்று அர்த்தம். மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தப் பெயர் சுலபமாக ஒட்டிக்கொண்டது. மாவில் என்ன வாசனை சேர்ப்பது என்பதில்தான் சண்டை. வனிலா என்பார்கள், வாழைப்பழம் என்பார்கள், பூண்டு என்பார்கள். நான் ஊர்ப் பழக்கத்தில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்த்தேன். மாமா முகத்தைச் சுளித்தார். அன்று எனக்கு மூன்று, அவருக்கு ஒன்று. பெருங்காயத்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகும், அடித் தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இரண்டும் கலக்காது. அடியில் அழுகும் பொருள்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். ஆழமான இடத்தில் பெரிய மீன் இருக்கும் என்று நம்பி அடி ஆழத்தில் தூண்டிலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் வெறும் கையோடு போவது இதனால்தான். இலையுதிர் காலத்தில் மேல் தண்ணீரும் குளிர்ந்ததும் இரண்டும் புரண்டு கலந்துவிடும். அணைச் சுவர் அருகே தண்ணீருக்குள் நிற்கும் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல உயரங்களில் வாசல் உண்டு. எந்த அடுக்குத் தண்ணீர் நன்றாக இருக்கிறதோ அந்த வாசலைத் திறந்து எடுப்பார்கள். தூண்டில்காரரும் குடிநீர்க்காரரும் தேடுவது ஒரே அடுக்கைத்தான். கோபுரத்துப் பக்கமும் மறுகால் பக்கமும் மிதவை கட்டி மறித்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அங்கே உள்ளிழுப்பு மேலே தெரியாது.

யாருடைய தண்ணீர்

மிட்மார் கட்டி முடிந்த 1965இல் பொது என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் விசித்திரமான பொருள். 1953இல் வந்த சட்டம் ஒன்று பூங்கா, கடற்கரை, கழிப்பறை என்று பொது இடங்களை நிறத்தால் பிரித்து வைக்க வழிசெய்தது. டர்பன் கடற்கரையிலேயே எந்த மணலில் யார் கால் வைக்கலாம் என்று பலகை இருந்தது. அந்தச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. மாமா மீன்பிடிக்கக் கற்றது அணையில் இல்லை, கடலிலும் ஆற்றங்கரையிலும். "அப்போ நல்ல இடம் எல்லாம் நமக்கில்லே" என்பார், அதற்குமேல் பேசமாட்டார். இன்று நுழைவாயிலில் அவர் சீட்டு வாங்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதாக எனக்குத் தோன்றும். நான் கற்பனை செய்கிறேனோ என்னவோ.

1998ஆம் ஆண்டுத் தேசியத் தண்ணீர்ச் சட்டத்தின்படி இந்த நாட்டின் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. மக்கள் சார்பில் பாதுகாக்கும் பொறுப்பு அரசுடையது. அணை தண்ணீர்த் துறையுடையதாக இருக்கும், கரையில் இருக்கும் பூங்காவையும் தங்கும் இடங்களையும் வேறொருவர் நடத்துவார். ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா, நேகல், வெருலம் பக்கத்து ஹேஸல்மியர் போன்றவற்றை நடத்துவது தண்ணீர் வாரியத்தின் துணை நிறுவனமான ம்சின்சி. அதனால் நுழைவுக் கட்டணம் ஒன்று, மீன்பிடி அனுமதி வேறொன்று. கடலுக்கு வாங்கிய அனுமதிச் சீட்டு இங்கே செல்லாது, நன்னீருக்கு மாகாணத்தின் அனுமதி தனி. எத்தனை பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழே திரும்ப விட வேண்டும் என்பதை வாயிலில் கேட்டுக்கொண்டு உள்ளே போவது நல்லது. மோட்டார் படகுக்குத் தகுதிச் சான்று பார்ப்பார்கள்.

மீன் பிடிக்காதவர்களுக்கும் இங்கே திருவிழா உண்டு. மிட்மாரில் 1974 முதல் பிப்ரவரியில் ஒரு மைல் நீச்சல் நடக்கிறது. ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு, ஆயிரக்கணக்கில் ஆட்கள், வண்ணவண்ணத் தொப்பிகள். திறந்த நீரில் நடக்கும் நீச்சல்களில் உலகிலேயே பெரியது என்ற பெயர் அதற்கு. கீழே, பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு 1951 முதல் நடக்கும் டூசி படகோட்டம் மூன்று நாள், சுமார் 120 கிலோமீட்டர். அதில் இனாண்டா நீர்த்தேக்கமும் வழியில் வரும்.

அந்தப் படகோட்டிகளிடையே "டூசி கட்ஸ்" என்று ஒரு நோய்ப்பெயர் புழங்குகிறது. வயிற்றுப்போக்குத்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் கசிந்து ம்சுண்டுசி ஆற்றில் கலக்கிறது, அந்த ஆறு உம்கெனியில் சேர்ந்து இனாண்டாவுக்கு வருகிறது. கழிவும் உரமும் கலந்த தண்ணீரில் ஆகாயத் தாமரை தழைக்கும். ஊதாப் பூவோடு பார்க்க அழகு, ஊர்க் கண்மாயில் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் இனாண்டாவின் மேல்முனையைப் பச்சைப் பாயாக மூடிவிடும், படகு நுழையாது, கீழே மீனுக்கு மூச்சு முட்டும். பிரிட்டோரியா பக்கத்து ஹார்ட்பீஸ்போர்ட் அணையில் இதே செடியோடு பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டு. இப்போது இதைத் தின்னும் பூச்சிகளை வளர்த்து விடுகிறார்கள். மெதுவாக வேலை செய்யும், ஆனால் மருந்து தெளித்துக் குடிநீரைக் கெடுப்பதைவிட மேல்.

கடலோரத் தாழ்நிலத்து அணைகளிலும் ஆறுகளிலும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணியும் உண்டு. நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரில் நிற்கும் காலின் தோல் வழியாகவே நுழையும். மாத்திரையில் குணமாகும், ஆனால் மருத்துவரிடம் "அணையில் இறங்கினேன்" என்று நாம்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளை இறக்குவதற்கு முன் அந்த இடத்தில் குளிக்க விடுகிறார்களா என்று கேளுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தூண்டில் வாங்குவதற்கு முன் அணை மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர்த் துறை வாரந்தோறும் ஒவ்வோர் அணைக்கும் எத்தனை விழுக்காடு என்று வெளியிடுகிறது. போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். இறங்கியிருந்தால் சேற்றுக்குத் தகுந்த காலணியும் நீளமாக வீசும் தூண்டிலும் வேண்டும். ஏறியிருந்தால் புல் மூழ்கிய ஓரத்தில், நிழல் தண்ணீரில் விழாமல் குனிந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

மாமாவுக்குக் கணினி வராது. பேத்தி பார்த்துச் சொல்வாள். போன நவம்பரில் மூன்று நாள் மழைக்கு அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தொண்ணூத்தொண்ணு இருந்தது, தொண்ணூத்தாறு ஆயிட்டு தம்பி. நாலு மணிக்குக் கிளம்பணும், மாவு கிளறி வச்சிரு." வைக்கப் போனவர் மறுபடி, "அந்த வாடைச் சாமானையும் போட்டுக்கோ" என்றார்.